ஒன்பதாம் பக்கம்

தலைவர் செத்து நாற்பத்தோராம் நாள்
பாளையங்கோட்டையில் கூட்டம்.
முக்கூடலிலிருந்து ஏழு பேர் போயிருந்தோம்,
ஏழு பேருக்கும் நகக்கண்ணில் பீடித்தூள்.

கல்யாண மண்டபம்.
நேற்றைய ஜோடியின் பெயர்களை
மேடைச் சுவரிலிருந்து பிய்த்துவிட்டார்கள்.
நடுவில் 'வெட்ஸ்' மட்டும் தெர்மாகோலில் மினுங்கியது.
அதற்கு இடப்பக்கம் சைலப்பன் உட்கார்ந்தார்,
வலப்பக்கம் கோமதிநாயகம்.
யாரும் சிரிக்கவில்லை. நான் சிரித்துவிட்டேன்.

சைலப்பனுக்கு மைக் தேவையில்லை.
"ஏ முப்பிடாதி மைனி,
அம்மைக்குக் கண் ஆப்பரேஷன் முடிஞ்சுதா?"
மண்டபமே திரும்பிப் பார்த்தது.
அந்த ஒரு நிமிஷம்
நான் ஒரு ஊர் அளவுக்கு இருந்தேன்.

கோமதிநாயகம் பேசினார் என்று சொல்வதற்கில்லை.
வாசித்தார்.
மூக்கிலிருந்து இறங்க இறங்கக்
கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு
பதினான்கு பக்கம்.
நாலாம் பக்கத்தில் ஆறு,
எந்தப் படித்துறையில் எந்தத் தெருச் சாக்கடை விழுகிறது என்று
ஊர்வாரியாக.
ஆறாம் பக்கத்தில்
சாயங்காலம் ஆறுக்கு மேல் பஸ் போகாத கிராமங்கள்.
பின்வரிசையில் கிளம்பிய கொட்டாவி
முன்வரிசைக்கு வந்து சேர்ந்தபோது
ஒன்பதாம் பக்கம்.

'ஆயிரம் பீடிக்கென்று நிறுத்துக் கொடுக்கும் இலையில்
எழுநூறுக்கு மேல் சுற்ற முடியாது.
மிச்ச இலையை அவளே காசு போட்டு வாங்குகிறாள்.
கழிவென்று ஒதுக்கும் கட்டுகளும்
கூலி இல்லாமல் விற்பனைக்குப் போகின்றன.
இதற்குப் பெயர் திருட்டு.'

தலை நிமிரவே இல்லை அவர்.
என் பெயர் அவருக்குத் தெரியாது.
ஆனாலும் என் சுளவுக்குள் கைவிட்டு
எண்ணிப் பார்த்திருக்கிறார் மனுஷன்.

டீக்கு விட்டார்கள்.
"ஏளா, மொகத்தப் பாத்துதான ஓட்டு விழும்,
கோமதியப் போஸ்டர்ல போட்டா
மாடுகூடத் திங்காது" என்றாள் பேராச்சி.
"கொள்கையப் பெறவு எழுதிக்கிடலாம்,
மொதல்ல ஜெயிக்கணும்லா" என்றார் மாசானம்.
நான் டம்ளரோடு சைலப்பனிடமே போனேன்.
ஒன்பதாம் பக்கம் உங்களுக்குச் சம்மதமா?

சிரித்தார்.
வஞ்சகம் இல்லாத சிரிப்பு, அதுதான் சங்கடம்.
"அதெல்லாம் கோமதியண்ணன் பாத்துக்கிடுவாரு மைனி.
நீங்க சாப்ட்டீயளா?"

சீட்டு கைக்கு வந்தது.
ரெண்டு பெயர், பக்கத்தில் ரெண்டு கட்டம்.
மடியில் ஒன்பதாம் பக்கம் நாலாய் மடிந்து கிடந்தது.
ஆனால் எனக்கு ஞாபகம் வந்தது
ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி.
பிணவறைக் கதவு திறக்கும்வரை
விடிய விடிய என் பக்கத்தில் நின்றவர்,
என் வீட்டுக்காரர் சட்டையை வாங்கி
ரத்தம் தெரியாமல் உள்பக்கமாக மடித்து
என் கையில் தந்தவர்
கோமதிநாயகம் இல்லை.

அறுபத்திரண்டு. ஐம்பத்தேழு.
அறுபத்திரண்டில் ஒன்று என்னுடையது.
ஒரு ராத்திரிக் கடனை
ஒரு சீட்டில் அடைத்துவிட்டதாகத்தான்
அப்போது நினைத்தேன்.

வாசலில் வெடி போட்டார்கள்.
உள்ளே கோமதிநாயகம்
நாற்காலிகளுக்கு அடியில் குனிந்து குனிந்து
சனங்கள் போட்டுவிட்டுப் போன தாள்களைப்
பொறுக்கிக்கொண்டிருந்தார்.
நான் போய்ச் சேர்ந்து பொறுக்கியிருக்கலாம்.
பஸ்ஸுக்கு நேரமாயிற்று.

சனிக்கிழமை, பீடிக் கடை.
மூன்று கட்டைக் கழிவென்று
ஓரமாகத் தள்ளினார் கணக்குப்பிள்ளை.
மடித்த தாளை எடுத்து அவர் முன்னால் விரித்தேன்.
விரல் வைத்து ஒரு வரி விடாமல் படித்தார்.
"ஒங்க புதுத் தலைவர் எழுதுனதா?" என்றார்.

இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.
ஆமாம் என்று சொல்லவும்.